வேகம், திசைவேகம், முடுக்கம்: மூன்றையும் குழப்பாமல் கணக்கிடுவது எப்படி?

மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் திசைவேகம் சுழி. அப்போது அதன் முடுக்கம் எவ்வளவு? அதுவும் சுழிதான் என்று பலர் தயங்காமல் சொல்வார்கள். சரியான விடை, கீழ்நோக்கி 9.8 மீ/வி². காற்றின் தடையை விட்டுவிட்டால், ஏறும்போதும் அதுதான், உச்சியிலும் அதுதான், இறங்கும்போதும் அதுதான். கணக்குப் போடத் தெரிந்தவர்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். “முடுக்கம் என்றால் அதிக வேகம்” என்ற எண்ணம் மனதில் ஊறிப்போயிருப்பதுதான் காரணம். ஒரு பொருள் இந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரிந்தாலும், இந்தக் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

பேச்சுத் தமிழில் “வேகம்” என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. “வண்டி வேகமாகப் போகிறது” என்றால் வேகம். “வண்டி வேகமெடுத்தது” என்றால் முடுக்கம். “வடக்கே மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது” என்றால் திசைவேகம். இயற்பியலில் இவற்றைப் பிரித்தே ஆகவேண்டும்.

தொலைவு என்பது கடந்த பாதையின் முழு நீளம். இடப்பெயர்ச்சி என்பது தொடங்கிய புள்ளியிலிருந்து முடிந்த புள்ளிக்கு உள்ள நேர்க்கோட்டு மாற்றம், திசையோடு சேர்த்து. தொலைவு மாறும் வீதம் வேகம், அது ஸ்கேலார், அதாவது திசையில்லாமல் எண்மதிப்பு மட்டும் உள்ள அளவு. இடப்பெயர்ச்சி மாறும் வீதம் திசைவேகம், அது வெக்டர், அதாவது எண்மதிப்போடு திசையும் உள்ள அளவு. திசைவேகம் மாறும் வீதம் முடுக்கம்; அதுவும் வெக்டர்.

“முடுக்கு” என்றால் விரட்டு, துரிதப்படுத்து என்றுதான் தமிழ்க் காதுக்குக் கேட்கும். அதனால் பிரேக் பிடிப்பதையும் வளைவில் திரும்புவதையும் முடுக்கம் என்று ஏற்க மனம் முரண்டு பிடிக்கும். வரையறையை மட்டும் நம்புங்கள்: திசைவேகத்தில் எந்த மாற்றம் நடந்தாலும் அது முடுக்கம்.

இன்னொரு எச்சரிக்கை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கதி, வேகம், ஆர்முடுகல் (முடுக்கம்), அமர்முடுகல் (வேகத்தைக் குறைக்கும் முடுக்கம்) என்ற சொற்கள் வரும். அங்கே “வேகம்” என்பது நாம் இங்கே திசைவேகம் என்று சொல்வது; நாம் வேகம் என்பது அங்கே “கதி”. இரு வகை நூல்களையும் கலந்து படிப்பவர்கள், எந்த நூல் எந்தச் சொல்லை எதற்கு வைத்திருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்வது நல்லது.

படி 1: தொடக்கப் புள்ளியையும் நேர்க்குறித் திசையையும் எழுதி வையுங்கள்

எந்தக் கணக்கானாலும் முதலில் ஒரு கோடு வரையுங்கள். எது சுழிப் புள்ளி, எந்தப் பக்கம் நேர்க்குறி என்று அதில் அம்புக்குறியிட்டு எழுதுங்கள். மேல்நோக்கி நேர்க்குறி என்று எடுத்தால், புவியீர்ப்பு முடுக்கம் −9.8. கீழ்நோக்கி நேர்க்குறி என்று எடுத்தால் +9.8. இரண்டில் எதுவும் சரியே. கணக்கின் நடுவில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதுதான் தவறு. கல் கிணற்றுக்குள் விழும் கணக்கில் ஆழத்தை நேர்க்குறியாகவும் முடுக்கத்தை எதிர்க்குறியாகவும் போட்டுவிட்டு, வர்க்கமூலத்துக்குள் எதிர்க்குறி எண் வந்து நிற்பது இதனால்தான்.

படி 2: அலகை மாற்றிவிட்டு உள்ளே நுழையுங்கள்

மணிக்குக் கிலோமீட்டரை 3.6-ஆல் வகுத்தால் மீ/வி கிடைக்கும். 36 கி.மீ./மணி = 10 மீ/வி, 72 கி.மீ./மணி = 20 மீ/வி. இந்த இரண்டை மனப்பாடமாக வைத்திருந்தால் விடை சரியான அளவில் இருக்கிறதா என்று உடனே பார்த்துக்கொள்ளலாம்.

முடுக்கத்தின் அலகில் விநாடி இரண்டு முறை வருவதைக் கண்டு மிரள வேண்டாம். 2 மீ/வி² என்றால், ஒவ்வொரு விநாடி கழியும்போதும் திசைவேகம் 2 மீ/வி மாறுகிறது என்று பொருள். ஒரு கார் நின்ற நிலையிலிருந்து 10 விநாடியில் 100 கி.மீ./மணியை எட்டினால், 27.8-ஐ 10-ஆல் வகுக்க, சராசரி முடுக்கம் ஏறத்தாழ 2.8 மீ/வி².

படி 3: சராசரியை அதன் வரையறையிலிருந்தே கணக்கிடுங்கள்

சராசரி வேகம் = மொத்தத் தொலைவு ÷ மொத்தக் காலம். சராசரித் திசைவேகம் = மொத்த இடப்பெயர்ச்சி ÷ மொத்தக் காலம். வேகங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் குறுக்குவழி பெரும்பாலும் தவறாகவே முடியும்.

120 கி.மீ. தொலைவுக்குப் போகும்போது 60 கி.மீ./மணி, திரும்பும்போது 40 கி.மீ./மணி என்று வைத்துக்கொள்வோம். போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். மொத்தம் 240 கி.மீ., 5 மணி நேரம். சராசரி வேகம் 48. குறுக்குவழி 50 என்று சொல்லியிருக்கும். மெதுவாகப் போன பகுதிக்கு அதிக நேரம் பிடித்ததால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. சராசரித் திசைவேகமோ சுழி. கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டோம்.

“வேகம் என்பது திசைவேகத்தின் எண்மதிப்பு” என்ற வாக்கியம் ஒரு கணத்துக்கு மட்டுமே பொருந்தும். மேலே பார்த்தபடி, சராசரிகளுக்கு அது பொருந்தாது.

படி 4: கணநேர மதிப்புக்குக் கால இடைவெளியைச் சுருக்குங்கள்

வாகனத்தின் ஸ்பீடோமீட்டர் காட்டுவது கணநேர வேகம். ஊசிக்குத் திசை தெரியாது. கணநேரத் திசைவேகத்தைக் கணக்கில் எப்படிப் பிடிப்பது? நின்ற நிலையிலிருந்து விழும் கல் 2-ஆம் விநாடியில் எவ்வளவு திசைவேகத்தில் போகிறது என்று பார்ப்போம். அது விழுந்த தூரம், 4.9-ஐக் காலத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும்.

2 முதல் 3 விநாடி வரை எடுத்தால் சராசரித் திசைவேகம் 24.5 மீ/வி.
2 முதல் 2.1 வரை: 20.09 மீ/வி.
2 முதல் 2.01 வரை: 19.65 மீ/வி.

இடைவெளி சுருங்கச் சுருங்க விடை 19.6-ஐ நெருங்குகிறது. அதுவே 2-ஆம் விநாடியின் கணநேரத் திசைவேகம். நுண்கணிதத்தின் வகையீடு செய்வது இதே வேலையைத்தான்.

படி 5: திசைவேக மாற்றத்தைக் காலத்தால் வகுத்து முடுக்கம் காணுங்கள்

உண்மையான எண்களோடு பழகுவதே சிறந்த பயிற்சி. 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். ஒவ்வொரு 20 மீட்டரையும் அவர் கடந்த நேரம்:

20 மீ: 2.89 வி
40 மீ: 4.64 வி
60 மீ: 6.31 வி
80 மீ: 7.92 வி
100 மீ: 9.58 வி

அடுத்தடுத்த நேரங்களைக் கழித்தால் ஒவ்வொரு துண்டுக்கும் ஆன காலம் கிடைக்கும்: 2.89, 1.75, 1.67, 1.61, 1.66. 20-ஐ இவற்றால் வகுத்தால் துண்டுகளின் சராசரித் திசைவேகங்கள்: 6.92, 11.43, 11.98, 12.42, 12.05 மீ/வி. இப்போது ஒவ்வொரு திசைவேகத்தையும் அந்தத் துண்டின் நடுநேரத்துக்கு உரியதாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் துண்டின் நடுநேரம் 1.445 வி, இரண்டாவதன் நடுநேரம் 3.765 வி. இவற்றுக்கிடையே திசைவேகம் 4.51 மீ/வி கூடியிருக்கிறது; இடைப்பட்ட காலம் 2.32 வி. முடுக்கம் 1.94 மீ/வி². இப்படியே தொடர்ந்தால் அடுத்தடுத்த முடுக்கங்கள் 0.32, 0.27, −0.23.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அவர் உச்ச வேகத்தில் பறக்கும் 60 முதல் 80 மீட்டர் வரையான பகுதியை ஒட்டி முடுக்கம் சுழியை நெருங்கி, பிறகு எதிர்க்குறிக்கு மாறுகிறது. ஓட்டத்தின் மிகப் பெரிய முடுக்கம், அவர் இன்னும் மெதுவாக இருக்கும் தொடக்கத்தில் இருக்கிறது. உலகிலேயே வேகமான மனிதரும் கடைசி 20 மீட்டரில் வேகத்தை இழக்கிறார்.

ஒரு குறைபாட்டையும் சொல்லியாக வேண்டும். முதல் துண்டின் 2.89 விநாடியில், துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கால் எழும் வரையான நேரமும் அடங்கியிருக்கிறது. அதோடு, அந்தத் துண்டுக்குள் திசைவேகம் மிக வேகமாக மாறுகிறது. ஆகவே 1.94 என்பது தோராயம். கிளம்பும் கணத்தின் முடுக்கம் அதைவிட மிகப் பெரியது. துண்டுகள் சிறிதாக இருந்தால் இந்தப் பிழை குறையும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் நம் காலடியில் இருக்கிறது. புவி சூரியனைச் சுற்றும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 29.8 கிலோமீட்டர். அதன் முடுக்கமோ 0.006 மீ/வி² அளவுதான். வேகம் பிரமாண்டம், முடுக்கம் அற்பம். நாம் எதையும் உணராமல் உட்கார்ந்திருப்பதன் முதல் காரணம், மாறாத திசைவேகம் எவ்வளவு பெரியதானாலும் உடலுக்குத் தெரியாது என்பதுதான். பேருந்து கிளம்பும்போதும் நிற்கும்போதும் திரும்பும்போதும் மட்டும்தானே கம்பியைப் பிடிக்கிறோம்?

படி 6: குறிகளை ஒப்பிட்டுப் படியுங்கள்

எதிர்க்குறி முடுக்கம் என்றால் வேகம் குறைகிறது என்று பலர் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இந்தப் பாடத்தில் இதைவிட அதிகம் மதிப்பெண் விழுங்கும் நம்பிக்கை வேறில்லை. சரியான விதி: திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும், எதிரெதிர்க் குறிகளில் இருந்தால் வேகம் குறையும்.

பந்தை 19.6 மீ/வி திசைவேகத்தில் நேராக மேலே எறிவோம். மேல்நோக்கி நேர்க்குறி, முடுக்கம் −9.8.

0 வி: திசைவேகம் +19.6, உயரம் 0
1 வி: திசைவேகம் +9.8, உயரம் 14.7 மீ
2 வி: திசைவேகம் 0, உயரம் 19.6 மீ
3 வி: திசைவேகம் −9.8, உயரம் 14.7 மீ
4 வி: திசைவேகம் −19.6, உயரம் 0

முதல் 2 விநாடி திசைவேகம் நேர்க்குறி, முடுக்கம் எதிர்க்குறி; வேகம் குறைகிறது. அடுத்த 2 விநாடி இரண்டுமே எதிர்க்குறி, வேகம் கூடுகிறது. முடுக்கம் ஒரு கணமும் மாறவில்லை. உச்சியில் அது சுழியாகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: திசைவேகம் சுழி, அதை மாற்ற முடுக்கமும் இல்லை, பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

இதே எண்களில் இன்னொன்றும் சரிபார்க்கலாம். மொத்தத் தொலைவு 39.2 மீ, ஆகவே சராசரி வேகம் 9.8 மீ/வி. மொத்த இடப்பெயர்ச்சி சுழி, ஆகவே சராசரித் திசைவேகம் சுழி.

படி 7: வளைவு வந்தால் முடுக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள்

நேர்க்கோட்டில் குறி போதும். பாதை வளைந்தால் அம்புக்குறி வேண்டும். முடுக்கத்தில் திசைவேகத்தின் வழியே இருக்கும் கூறு வேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். திசைவேகத்துக்குச் செங்குத்தான கூறு திசையை மட்டும் திருப்பும். மூன்று அளவுகளுக்கும் உள்ள உறவு முழுவதையும் இந்த இரண்டு வரிகளில் அடக்கிவிடலாம்.

ஒரு வண்டி கிழக்கே 10 மீ/வி-இல் வந்து, வேகம் மாறாமல் 4 விநாடியில் வடக்கே திரும்புகிறது. வேக மாற்றம் சுழி. திசைவேக மாற்றம் காண, இறுதி அம்பிலிருந்து தொடக்க அம்பைக் கழிக்க வேண்டும். அதாவது வடக்கே 10, மேற்கே 10. இரண்டும் சேர்ந்து வடமேற்கே 14.1 மீ/வி. 4-ஆல் வகுத்தால் சராசரி முடுக்கம் 3.5 மீ/வி². இங்கே அம்புகளைக் கழிக்காமல் கூட்டிவிடுவதே வழக்கமான பிழை. கூட்டினால் எண் அதே 14.1 வரும், திசை மட்டும் வடகிழக்காகிவிடும். எண் சரியாக இருப்பதால் பிழை கண்ணில் படாது.

சீரான வட்ட இயக்கத்தில், மையநோக்கு முடுக்கம் = வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 36 கி.மீ./மணியில் போனால் 2 மீ/வி². 72-இல் போனால் 8 மீ/வி². வேகம் இரட்டிப்பானதும் தேவைப்படும் முடுக்கம் நான்கு மடங்கு. அதைக் கொடுப்பது டயருக்கும் சாலைக்கும் இடையேயான உராய்வு. நனைந்த சாலையில் 8 என்பது எட்டாத அளவு, வண்டி வளைவை விட்டு வழுக்கிவிடும்.

படி 8: வரைபடத்தில் சாய்வையும் பரப்பையும் பாருங்கள்

இடப்பெயர்ச்சி–காலம் வரைபடத்தின் சாய்வு திசைவேகம். திசைவேகம்–காலம் வரைபடத்தின் சாய்வு முடுக்கம். அதன் கோட்டுக்கும் கால அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பு இடப்பெயர்ச்சி. அச்சுக்குக் கீழே உள்ள பரப்பை இடப்பெயர்ச்சிக்குக் கழிக்க வேண்டும், தொலைவுக்குக் கூட்ட வேண்டும்.

ஒரு வண்டி 5 விநாடியில் 0-இலிருந்து 10 மீ/வி-ஐ எட்டுகிறது, 10 விநாடி அப்படியே போகிறது, 4 விநாடியில் நிற்கிறது. முடுக்கங்கள் முறையே 2, 0, −2.5 மீ/வி². பரப்புகள்: முதல் முக்கோணம் 25, நடுச் செவ்வகம் 100, கடைசி முக்கோணம் 20. மொத்தம் 145 மீ.

கேள்வி திசைவேகத்தைக் கேட்கும்போது கோட்டின் உயரத்தைப் படிப்பதா, சாய்வைப் படிப்பதா என்பது அச்சைப் பொறுத்தது. அதனால் செங்குத்து அச்சில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்த பிறகே பென்சிலை எடுங்கள். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியும் அப்படியே: இடப்பெயர்ச்சி வரைபடத்தில் அது இரு வண்டிகள் சந்திக்கும் இடம், திசைவேக வரைபடத்தில் இரண்டும் ஒரே திசைவேகத்தில் போகும் கணம் மட்டுமே.

படி 9: இயக்கச் சமன்பாடுகளுக்கு முன் நிபந்தனையைச் சோதியுங்கள்

இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × காலம்.
இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × காலம் + ½ × முடுக்கம் × காலம்².
இறுதித் திசைவேகம்² = தொடக்கத் திசைவேகம்² + 2 × முடுக்கம் × இடப்பெயர்ச்சி.

மூன்றும் முடுக்கம் மாறாதபோது மட்டுமே செல்லும். போல்ட்டின் ஓட்டத்துக்கு இவற்றைப் போட முடியாது. எதைத் தேர்வது என்பதற்கு எளிய வழி: தெரிந்தவற்றையும் தேவைப்படுவதையும் எழுதுங்கள், காலம் பற்றிப் பேச்சே இல்லாவிட்டால் மூன்றாவது, இறுதித் திசைவேகம் பற்றிப் பேச்சில்லாவிட்டால் இரண்டாவது, இடப்பெயர்ச்சி பற்றிப் பேச்சில்லாவிட்டால் முதலாவது.

72 கி.மீ./மணியில் வரும் கார், 5 மீ/வி² எதிர்முடுக்கத்தில் பிரேக் பிடிக்கிறது. 20-ஐ 5-ஆல் வகுக்க 4 விநாடியில் நிற்கும். தூரம், 400-ஐ 10-ஆல் வகுக்க, 40 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க 1 விநாடி ஆனால் இன்னொரு 20 மீட்டர் சேரும். 36-இல் வந்திருந்தால் பிரேக் தூரம் 10 மீட்டர்தான்.

இப்போது ஒரு பொறி. 6-ஆம் விநாடியில் கார் எங்கே இருக்கும்? இரண்டாவது சமன்பாட்டில் போட்டால் 120 − 90 = 30 மீட்டர் என்று வரும். கார் நின்ற பிறகு 10 மீட்டர் பின்னால் ஓடிவந்துவிட்டது போல! 4-ஆம் விநாடியோடு முடுக்கமும் முடிந்துவிட்டது என்பது சமன்பாட்டுக்குத் தெரியாது. பிரேக் கணக்கு எதுவானாலும் நிற்கும் நேரத்தை முதலில் கண்டுபிடித்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்: சரிவில் உருளும் கோலி

2 மீட்டர் நீளமுள்ள சமதளப் பலகையை எடுத்து, ஒரு முனையை 4 செ.மீ. உயர்த்துங்கள். கோலி பக்கவாட்டில் ஓடாமல் இருக்க ஒரு பக்கம் மெல்லிய சட்டம் போதும். மேலிருந்து 20, 80, 180 செ.மீ. தூரங்களில் கோடு போடுங்கள். தள்ளாமல், கோலிக்கு முன்னால் பிடித்திருக்கும் அளவுகோலைச் சட்டென எடுத்து விடுவியுங்கள். தூரங்கள் 1 : 4 : 9 என்ற விகிதத்தில் இருப்பதால், நேரங்கள் 1 : 2 : 3 என்று வரவேண்டும். எதிர்பார்க்கும் மதிப்புகள் ஏறத்தாழ 1.7, 3.4, 5.1 விநாடி.

முடுக்கம் = 2 × தூரம் ÷ காலம்². சரிவின் வழியே புவியீர்ப்பின் கூறு 9.8 × 0.02 = 0.196 மீ/வி². உங்களுக்கு 0.14-ஐ ஒட்டியே கிடைக்கும். இழப்பு எதுவும் நடக்கவில்லை. கோலி நகர்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால், திண்மக் கோளத்துக்கு முடுக்கம் ஏழில் ஐந்து பங்காகிறது. சட்டத்தில் உரசினால் இன்னும் குறையும்.

ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்துவதில் 0.2 விநாடிப் பிழை எளிதில் வரும். காலம் வர்க்கமாக வருவதால் முடுக்கத்தில் பிழை ஏறத்தாழ இரட்டிப்பாகும்: 5.1 விநாடியில் 4 சதவீதப் பிழை முடுக்கத்தில் 8 சதவீதம், 1.7 விநாடியில் 12 சதவீதப் பிழை 24 சதவீதம். சரிவைக் குறைவாக வைப்பது இதற்காகத்தான். ஒவ்வொரு தூரத்துக்கும் ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். கைபேசியின் ஸ்லோமோஷன் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. விநாடிக்கு 240 சட்டகம் என்றால் ஒரு சட்டகத்துக்கு 0.004 விநாடி.

கைபேசியின் முடுக்கமானி

கைபேசியை மேசைமேல் வைத்து, முடுக்கமானி காட்டும் எண்ணைப் பாருங்கள். அசையாமல் கிடக்கும் கருவி 9.8 மீ/வி² என்று காட்டும். மெத்தைமேல் தவறவிட்டால், விழும்போது சுழியை ஒட்டி வரும். உண்மைக்கு நேர் தலைகீழாகத் தெரியும் இந்த அளவுக்குக் காரணம், உள்ளே நுண்ணிய விற்சுருள் போன்ற அமைப்பில் தொங்கும் ஒரு சிறு நிறை எவ்வளவு இழுபடுகிறது என்பதையே அது அளக்கிறது என்பதுதான். மேசை தாங்கும்போது நிறை இழுபடுகிறது. கருவியும் நிறையும் சேர்ந்தே விழும்போது இழுபடுவதில்லை. ஆகவே இயக்கத்தின் முடுக்கம் வேண்டுமானால் புவியீர்ப்பின் பங்கைக் கழிக்க வேண்டும். கைபேசி சாய்ந்திருந்தால் அந்தப் பங்கு மூன்று அச்சுகளிலும் பிரிந்து கிடக்கும்.

முடுக்கத்தைக் கூட்டித் திசைவேகமும், அதைக் கூட்டி இடப்பெயர்ச்சியும் கண்டுவிடலாமே என்று தோன்றும். கோட்பாட்டளவில் அது சரி. செய்துபார்த்தால், வெறும் 0.05 மீ/வி² நிலையான பிழை ஒரு நிமிடத்தில் திசைவேகத்தில் 3 மீ/வி ஆகவும், இடப்பெயர்ச்சியில் 90 மீட்டராகவும் வளர்ந்து நிற்கும். முதலாவது காலத்தோடு வளர்கிறது, இரண்டாவது காலத்தின் வர்க்கத்தோடு. வழிகாட்டும் கருவிகள் முடுக்கமானியை மட்டும் நம்பாமல், செயற்கைக்கோள் தரும் இடக்குறிப்பைக் கொண்டு இந்தக் கணக்கை அடிக்கடி திருத்திக்கொள்வது இதனால்தான்.